கூடையை அழித்துவிட்டு வரைந்த படம்

மகனே,

சீமையிலிருந்து உன் கடிதம் நேற்று வட்டகொடை தபால் கந்தோருக்கு வந்து சேர்ந்தது. உன் பேராசிரியர் ஓய்வு பெறப் போகிறார் என்றும், மனிதன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியதைப் பற்றி அவர் எழுதிய பழைய புத்தகத்தைப் புதிதாக அச்சிட்டுப் பிரியாவிடை விழாவில் அவர் கையில் கொடுக்கப் போகிறீர்கள் என்றும், அதைத் திருத்தி முன்னுரை எழுதும் பொறுப்பை அவர் உன்னிடமே தந்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். புத்தகத்தில் ஒரு படம் மட்டும் சரியில்லை என்றும் எழுதியிருந்தாய். மந்திக்கும் மனிதனுக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண் கூனி நிற்கிறாள். மூல நெகட்டிவை எடுத்துப் பார்த்தபோது அவள் முதுகில் நிறைந்த கூடை இருந்தது தெரிந்தது. அதை அழித்துவிட்டு வரைந்திருக்கிறார்கள். யார் மனமும் நோகாமல் அந்தப் படத்தை எடுத்துவிடலாம் என்று நீ சொன்னதும் அவரும் சரி என்று தலையை ஆட்டிவிட்டார் என்று சந்தோஷமாக முடித்திருந்தாய்.

எடுக்காதே. அந்தப் படத்தில் நிற்பது உன் அம்மா.

இதை ஓர் உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். நான் அப்படிப்பட்ட ஆள்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கியே வயதானவன். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. துரையின் குதிரைச் சத்தமோ கார்ச் சத்தமோ கேட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுவேன். நீயும் என் பிள்ளை. தனியாக எழுதினால் நீ இதை வாசிப்பாய், அழுவாய், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாய், பிறகு எல்லாருக்கும் நல்லவனாக இருப்பதற்கு ஒரு வழியைக் கண்டுபிடிப்பாய். பயந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் எதையும் புதைத்துவிட முடியும். அதனால்தான் இதை ஹட்டனில் அச்சாகும் நமது பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். இது உன் கைக்கு வரும் நேரத்தில் இங்கே கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாராவது உரக்க வாசித்துக்கொண்டிருப்பார்கள். அதன் பிறகு நீயும் பின்வாங்க முடியாது, நானும் பின்வாங்க முடியாது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லுகிறேன். இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத்துத் தமிழரான நம்மை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கிய மறு வருஷம் உன் ஆசிரியர் இங்கே முதன்முதலாக வந்தார். அப்போது அவர் பேராசிரியர் அல்ல. வெயில் பட்டதும் காது சிவந்துபோகும் ஒரு விரிவுரையாளர். துரையின் பழைய பள்ளித் தோழர் என்று பங்களாவில் தங்கியிருந்தார். காலையில் தோட்டத்துக்கு மேலே உள்ள காட்டுக்குள் போய் மந்திகள் கிளையில் நடப்பதையும், தாவுவதையும், இறங்குவதையும் படம் எடுப்பார். மாலையில் வந்து அவற்றின் இடுப்பு எலும்பைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் துரையிடம் பேசுவார். துரைக்கு அதில் அக்கறை இல்லை. அதனால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும், எலும்புகளின் பெயரும் தெரியும். மரத்தில் வாழும் பிராணி இரண்டு காலில் நிற்கும்போது அதன் இடுப்பும் முழங்காலும் மடிந்தே இருக்கும், மனிதன் மட்டும்தான் முழங்காலைப் பூட்டி நிற்கிறான் என்று அவர் விளக்கியபோது நான் வாயைத் திறந்தபடி கேட்டேன். அவர் நல்ல ஆசிரியர். அதை நான் மறுக்க மாட்டேன்.

பிறகு ஒரு நாள் மனிதர்கள் நடப்பதையும் படம் எடுக்க வேண்டும் என்றார். நீ அன்றைக்குக் காய்ச்சலோடு டிஸ்பென்சரிக்குப் பின்னால் நம் காம்பரா வீட்டில் படுத்திருந்தாய், ஆகையால் உனக்குத் தெரியாது. மழை தூறிக்கொண்டிருந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்துக்குக் கீழே உள்ள செங்குத்தான மலையில் பெண்கள் கூடையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் குடையின் கீழ் காமிராவை வைத்துக்கொண்டு நின்றார், நான் பக்கத்தில் நின்றேன். பெண்களில் ராக்காயி என்று ஒருத்தி இருந்தாள், உனக்கு நினைவிருக்கும், அவள் வாய்க்குக் கங்காணியே பயப்படுவார்.

"ஏன் டாக்டரையா, மந்தியெல்லாம் முடிஞ்சி போச்சா? எங்கள எடுக்க வந்துட்டாரு?" என்றாள் என்னிடம்.

"மந்திக்கு வாழப்பழம் போட்டாராம்ல. நமக்கு என்னா போடுவாராம்?" என்றாள் இன்னொருத்தி.

"ஒங்க வாய்க்கு வாழத் தோட்டமே பத்தாது. ஏறுங்கடி மேல!" என்று கங்காணி சத்தம் போட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று அவர் கேட்டார். மழையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொன்னேன். அந்தக் கூட்டத்தில் உன் அம்மா மட்டும் உயரமாகத் தெரிந்தாள். கலியாணத்துக்குப் பிறகும் அவள் விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போவதை விடவில்லை என்பது உனக்குத் தெரியும். அவர் அவளைக் காட்டி, அந்தப் பெண் தனியாக ஏறி வரட்டும் என்றார். அவள் என் மனைவி என்று அன்றும் பிறகும் நான் அவரிடம் சொன்னதில்லை. அவள் ஏறி வந்தாள். மழைக்காகச் சாக்கை மடித்துத் தலையில் போடும் கொங்காணி முகத்தை மறைத்திருந்தது. அதனால்தான் நெகட்டிவில் உனக்கு அடையாளம் தெரியவில்லை. கூடையின் கயிறு உச்சந்தலையில் அழுத்த, கழுத்து முன்னே வர, உடம்பு மலையின் பக்கம் சாய, முழங்கால் மடிந்து மடிந்து நிமிர, கால் விரல்கள் சேற்றைக் கவ்வ, அவள் வந்தாள். துரையின் தலையில் அந்தக் கயிற்றை மாட்டினாலும் அவரும் அப்படித்தான் வருவார். காமிராக்காரர் படம் எடுத்தார். பிறகு கூடையையும் கொங்காணியையும் இறக்கி வைத்துவிட்டு, மாட்டுவண்டி போகும் கரத்தை ரோட்டில் சும்மா நடக்கச் சொன்னார். உன் அம்மா நடந்தாள். கழுத்து நேராக, கை வீசி, முழங்கால் நிமிர்ந்து, மழையில் நடந்தாள். அதையும் எடுத்தார். "அழகு, அழகு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் அதை அவளுக்கு மொழிபெயர்க்க வெட்கப்பட்டேன். அதுவரை எந்தத் தப்பும் நடக்கவில்லை, மகனே. கேள்வி நியாயமான கேள்வி. கருவி நியாயமான கருவி. இதை நான் அழுத்திச் சொல்லுவதற்குக் காரணம், பின்னால் நடந்ததை அறியாமையில் நடந்த பிழை என்று நீ சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான்.

நீ ஹட்டன் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் அவர் மறுபடியும் வந்தார். இப்போது பெரிய ஆள். புத்தகம் வெளிவந்திருந்தது. துரை என்னைப் பங்களா வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "உன் உதவிக்கு நன்றி சொல்ல வேண்டுமாம்" என்றார். புத்தகத்தை எழுதியவரே விரித்துக் காட்டினார். ஒரு பக்கத்தில் மூன்று உருவங்கள். முதலில் நம் காட்டு மந்தி, பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. கடைசியில் ஒரு கனவான், கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நிற்கிறார். நடுவில் ஒரு பெண். கூடை இல்லை, கயிறு இல்லை, மலையின் சரிவும் இல்லை. சமதரையில் காரணமே இல்லாமல் கூனி, முழங்காலை மடித்து நிற்கிறாள். கனவானுக்குக் கோட்டு இருந்தது. அவளுக்கு ஒரு துண்டுத் துணிகூட இல்லை. உடம்பின் கோடு மட்டும். முகம் வரையவில்லை. ஆனால் இடது காலின் சுண்டு விரல் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. தேயிலைச் செடியை வெட்டிவிட்ட கவ்வாத்து மலையில் கட்டை ஏறி அந்த விரல் முறிந்தபோது துணி சுற்றிக் கட்டியவன் நான். அது சரியாகச் சேரவில்லை என்பது எனக்குத் தெரியும். கீழே எழுதியிருந்தது: கூலிப் பெண், இலங்கை, முதுகும் முழங்காலும் முழுமையாக நிமிராத நிலை.

நான் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். "நன்றி, சார்" என்றேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவள் அடுப்புப் பக்கம் திரும்பி இருந்தாள்.

"கூடைய காணமா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"துணியுமா?"

"ஆமா."

துணியைப் பற்றி அதற்குப் பிறகு இன்றுவரை அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. நீயும் அவளிடம் கேட்காதே.

மறுநாள் அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் துரையும் அவரும் அங்கே நின்றார்கள். எதற்கும் கூட இருக்கட்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். வரிசையில் நின்ற உன் அம்மா, கூடையை இறக்காமல், கங்காணியைத் தாண்டி நேராகப் படம் எடுத்தவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயாகிட்ட ஒண்ணு கேட்டு சொல்லுங்க," என்றாள் என்னிடம். "என் கூடைய எங்க வச்சாருன்னு கேளுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஆனால் கேட்டேன். அவருக்குக் காது சிவந்தது. சிரித்துவிட்டு, அது வெறும் கோட்டுப் படம், முகமே இல்லை, அது அவள்தான் என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"மொகம் இல்லாட்டி என்னாங்க? மொதுகு யாருதுன்னு எனக்கு தெரியாதா? அன்னைக்கு ரோட்டுல நேரா நடக்கச் சொன்னாரே, அந்தப் படம் எங்கன்னு கேளுங்க."

கேட்டேன். அவர் துரையைப் பார்த்தார். பிறகு பொய் சொல்லாமல், பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லுவதுபோலப் பொறுமையாகச் சொன்னார்: "அது என் வாதத்துக்கு உதவவில்லை."

இந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை, மகனே. ஒருவன் தவறிப்போய்த் தப்புச் செய்தால் மன்னிக்கலாம். இவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். எது தனக்கு வேண்டும் என்று எடுத்திருக்கிறார். வேண்டியதில் வேண்டாததை அழித்திருக்கிறார். கணக்காகச் செய்திருக்கிறார். நானும் கணக்காக வேலை செய்கிறவன்தான். மருந்தில் ஒரு துளி கூடினால் என்ன ஆகும் என்று தெரிந்தவன். கை நடுங்கிச் சிந்துவதற்கும் தெரிந்து ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

"அவருக்கு அது பிரயோசனப்படலியாம்," என்றேன்.

"ஓ," என்றாள் உன் அம்மா. அவ்வளவுதான். துரை, "போதும், அவளை நிறுக்கச் சொல்" என்றார். மறுநாளிலிருந்து அவளை மேல் எல்லையில் உள்ள, அட்டை கடிக்கும் ஈர மலைக்குத் தனியாகப் போட்டார்கள். அடுத்த கவ்வாத்துவரை அங்கேதான் கொழுந்து எடுத்தாள். நீ லீவில் வந்தபோது, "ஏன்மா காலெல்லாம் ரத்தம்?" என்று கேட்டாய். "அட்டைக்கு என்ன புடிச்சுப் போச்சுடா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பின் காரணத்தை இப்போதுதான் நீ அறிகிறாய்.

அந்த லீவில்தான் நீ ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாய். கொய்யா மரத்தில் திருட வந்த குரங்கு ஒன்று, கை இரண்டிலும் பழத்தை அள்ளிக்கொண்டு, ஓட வழி இல்லாமல், பின்னங்கால்களில் நிமிர்ந்து வேலியைத் தாண்டியது. நீ ஓடி வந்து, "அப்பா, கை நிறைஞ்சிருந்தா குரங்கும் மனுசன் மாதிரிப் போவுது!" என்று கத்தினாய். அப்போது உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ கவனிக்கவில்லை. நீ குளிக்கப் போன பிறகு சொன்னாள்:

"தம்பி ஓயாம மந்தி, கொரங்குன்னே இருக்கான். அந்தப் படிப்பே படிக்கட்டும்."

"அதெல்லாம் சீமையில படிக்கற படிப்பு, அங்கம்மா."

"அங்கயே போகட்டும். அந்த ஆளுகிட்டயே படிக்கட்டும். அவரு சொல்லிக் குடுத்ததையே வச்சு அவர கேக்கட்டும்."

"அவன்கிட்ட இப்பவே சொல்லிரலாமா?"

"மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா படிக்கவா போறான்? சண்ட போட்டுட்டு அடுத்த ரயில்ல வந்து நிப்பான். படிச்சு முடிக்கட்டும். அந்தப் பொஸ்தகம் அவன் கைக்கு வர்ற அன்னைக்கு சொல்லுங்க."

ஆக, உனக்கு விலங்கியல் படிப்பதில் ஆசை வந்தது உன்னால். அந்த ஆசைக்கு நாங்கள் விறகு போட்டது வேறு காரணத்துக்காக. நான் உனக்கு எலும்புகளின் பெயரைச் சொல்லிக் கொடுத்ததும், செத்துக் கிடந்த மந்தியைப் புதைத்துப் பிறகு தோண்டி எடுத்து எலும்பைச் சேர்த்துக் கட்ட உதவியதும், பட்டம் வாங்கிய உடனே வேறு எவருக்கும் எழுதாமல் அந்தப் பேராசிரியருக்கே விண்ணப்பம் எழுது என்று சொன்னதும் அன்பினால் மட்டும் அல்ல. இதற்காக நீ என்மேல் கோபப்படலாம். ஒரு பிள்ளையின் ஆசையை எடுத்துக் கவ்வாத்துக் கத்தியாகத் தீட்டினேனே, இது சரியா என்று நான் அடிக்கடி யோசிக்கிறேன். யோசித்து முடித்த பிறகும் தீட்டிக்கொண்டேதான் இருந்தேன். எனக்குத் தைரியம் இல்லை, ஆனால் பொறுமை இருக்கிறது. பழி வாங்குவதற்குப் பொறுமை போதும் என்பதை இந்த வருஷங்களில் கற்றுக்கொண்டேன்.

பழி என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறேன். நீதி என்று எழுதியிருக்கலாம். உண்மை என்று எழுதியிருக்கலாம். உன்னைப்போலப் படித்தவர்கள் திருத்தம் என்பார்கள். எனக்கு அவரைத் திருத்தும் ஆசை இல்லை. அன்றைக்குக் கூடையோடு நின்ற அவளுக்கு முன்னால் அவர் எவ்வளவு நிதானமாக நின்றாரோ, அந்த நிதானம் அவரை விட்டுப் போக வேண்டும். அவருடைய சொந்த விழாவில், அவருடைய சொந்த மாணவன் கையால் போக வேண்டும். இதுதான் வேண்டும்.

நீ என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாத பையன் கப்பல் ஏற முடியாமல் கொழும்பில் கந்தோர் கந்தோராக அலைந்தபோது, அவர்தான் அதிகாரிகளுக்குத் திரும்பத் திரும்ப எழுதி உனக்குப் பயணப் பத்திரம் வாங்கித் தந்தார். குளிர் காலத்தில் தன் கம்பளிக் கோட்டைக் கொடுத்தார். உன் ஆராய்ச்சியைத் தன் ஆராய்ச்சிபோலப் பாராட்டினார். எல்லாம் உண்மை. அவர் அரக்கர் அல்ல. அரக்கராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். அவருக்கு நீ பட்ட கடனை நீ தீர்க்க வேண்டியதுதான். அவர் படுக்கையில் விழுந்தால் போய்ப் பணிவிடை செய். அவர் பேரைச் சொல்லி உன் மாணவர்களுக்கு நல்லது செய். உன் நன்றியை உன் சொந்தக் கையிருப்பிலிருந்து கொடு. உன் அம்மாவின் முதுகிலிருந்து எடுத்துக் கொடுக்காதே.

படத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பார். அவருக்குத்தான். பழைய புத்தகத்தை வாசித்தவர்கள் வாசித்தவர்கள்தான். அவர்கள் கண்ணில் அவள் இன்னும் கூனியே நிற்கிறாள். புதிய புத்தகத்தில் அவள் இல்லாமல் போனால் அவர் செய்ததும் இல்லாமல் போகும். மேலும், எங்களை எந்த நாட்டில் சேர்ப்பது என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்துவிட்டன. நாளைக்கு எங்களை ரயிலில் ஏற்றி, கப்பலில் ஏற்றி அனுப்பினாலும் அனுப்புவார்கள். இந்த மலையில் உன் அம்மா வேலை செய்தாள் என்பதற்கு அச்சில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் படம்தான். அதையும் நீ எடுத்துவிட்டால் அவள் இங்கே வாழவே இல்லை என்றாகிவிடும். முதலில் அவர் கூடையை எடுத்தார். இப்போது நீ ஆளையே எடுக்கிறாய்.

ஆகையால் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். நெகட்டிவ் இருந்த பெட்டியை மறுபடியும் தேடு. கரத்தை ரோட்டில் அவள் நிமிர்ந்து நடக்கும் இன்னொன்று அதில் இருக்க வேண்டும். அதில் முகம் தெளிவாக விழுந்திருக்கும், பார்த்த உடனே அடையாளம் காண்பாய். இல்லாவிட்டால் அதை என்ன செய்தீர்கள் என்று அவரிடமே கேள். பிறகு அவருடைய பழைய கோட்டுப் படத்தை, ஒரு புள்ளியும் மாற்றாமல், அது இருந்த இடத்திலேயே போடு. அதன் பக்கத்தில் கூடையோடு ஏறும் படத்தைப் போடு. அதற்குப் பக்கத்தில் ரோட்டில் நடக்கும் படத்தைப் போடு. கீழே அவள் பெயரைப் போடு: அங்கம்மாள், கொழுந்து எடுக்கும் தொழிலாளி, இந்நூலைத் திருத்தியவனின் தாய். கூடையை அழித்தது யார் என்று அவருடைய முழுப் பெயரோடு எழுது. ஏன் அழித்தார் என்பதற்கு அவர் சொன்ன காரணத்தை, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது. வசைமொழி ஒன்றும் வேண்டாம். உனக்குப் பழக்கமான நடையில், முழங்காலையும் இடுப்பையும் பற்றி எழுதும் அதே நடையில் எழுது. கையில் சுமை வந்ததால்தான் நம் முன்னோர் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியிருக்கலாம் என்று உன் ஆராய்ச்சியில் எழுதியிருக்கிறாயே, அதையும் அங்கேயே எழுது. அப்படி எழுதிய நீயே சுமந்தவளை விட்டுவிட்டால் உன் ஆராய்ச்சிக்கு என்ன மதிப்பு?

இதனால் உனக்கு அங்கே வேலை கிடைக்காமல் போகலாம். முன்னுரை எழுதத் தெரியாதவன், நன்றி கெட்டவன், தோட்டத்துப் பயல் என்று பேசுவார்கள். திரும்பி வர உனக்கு ஒரு நாடு இருக்குமா என்பதும் எனக்குத் தெரியவில்லை. ஒரு தகப்பன் மகனிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறேனோ என்று இந்த வரியை எழுதும்போதும் யோசிக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன். முடியாது என்று நீ முடிவு செய்தால் எனக்குக் கடிதம் எழுதாதே. நீ வந்து, அவள் முன்னால் நின்று, இன்ன காரணத்தால் முடியவில்லை என்று உன் வாயால் சொல். அவள் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டாள். "ஓ" என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு நீ நிற்க வேண்டும்.

பத்திரிகை ஆசிரியரிடம் இதைக் கொண்டுபோனபோது அவர் பாதி வாசித்துவிட்டு, "இத்தன வருசம் கழிச்சு எதுக்குங்க, ஐயா? அந்த மனுசனும் கெழவனாயிட்டாரு. பிள்ளைக்கு எதுக்கு வம்பு?" என்றார். நல்ல மனிதர். நான் கண்ணாடியைத் துடைத்தேன். ஆனால் கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை. கடைசியில் அவரே, "சரி, வீட்டம்மாவுக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டிட்டு கொண்டாங்க, போடுறேன்" என்றார்.

ரயிலில் திரும்பி வந்து வாசித்துக் காட்டினேன். உன் அம்மா காம்பரா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். துணியைப் பற்றி நான் எழுதிய இடத்தில் மட்டும் கை நின்றது. அடித்துவிடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையை அசைத்தாள். வாசித்து முடித்ததும் கீரையை முறத்தில் தட்டினாள்.

"ரொம்ப மருவாதியா எழுதியிருக்கீங்க."

"எனக்கு இப்படித்தான் எழுத வருது."

"ஒண்ண விட்டுட்டீங்க. விழாவுல பொஸ்தகத்த வாங்கி மூடி வச்சுட்டு, மால போட்டுக்கிட்டு போயிருவாரு. அப்படி விடக்கூடாது. அந்தப் பக்கத்த தம்பியே விரிச்சு அவரு கையில குடுக்கணும். மூக்குக் கண்ணாடிய போட்டுக்கிட்டு, அத்தன பேரு முன்னாடி, அவரே சத்தமா படிக்கணும். என் பேர அவரு வாயால சொல்லணும். முடிக்கற வரைக்கும் தம்பி நகராம பக்கத்துல நிக்கணும். அத எழுதுங்க."

எழுதிவிட்டேன், மகனே.

உன் அப்பா